க்யூ எழுத்தின் மேல் அக்காவின் விரல்

அக்காவின் வலது ஆள்காட்டி விரலில் நகம் பாதிதான் இருக்கும். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெடித்துப்போன நகம். அதன் ஓரத்தில் ஏரிச்சேறு ஒரு கறுப்புக் கோடாக ஒட்டியிருக்கும், எந்தச் சோப்பாலும் போகாது. அந்த விரல் ஒரு கணினி விசைப்பலகையின் இடது மூலையில், க்யூ என்ற எழுத்தின் மேல் நிற்கிறது. இன்னும் அழுத்தவில்லை. எதிரே திரையில் பச்சை எழுத்துகள். பின்னால் நான் நின்று, "வேணாம்க்கா, வேணாம்க்கா" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. கல்யாணம், பிரசவம், நைனாவின் சாவு எல்லாம் எனக்கு மங்கலாகிவிட்டன. அந்த விரல் மட்டும் மங்கவில்லை.

போன மாதம் என் மகளுக்கு நடந்ததற்குப் பிறகு அந்த விரல் அடிக்கடி கண்ணில் வருகிறது. பெங்களூரில் வேலை பார்க்கிற அவளுக்குக் குடல்வால் வெடித்து, அவசரமாக அறுவை சிகிச்சை செய்தார்கள். மருத்துவமனையிலிருந்து முதல் போன் எனக்கு வரவில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிற அக்காவுக்குத்தான் போயிற்று. பெற்றவள் நான் சென்னையில், கையில் போனோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் போனில், அதற்கு முந்தைய நாள் மகளிடமிருந்து வந்த ஒரு வரி இருந்தது: "இந்தச் செய்தி நீக்கப்பட்டது." ஏதோ எழுதியிருக்கிறாள், நான் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டாள். அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு வந்தது பயம் இல்லை. அதே செய்தியை அக்காவுக்கு அனுப்பியிருப்பாள், அங்கே அழித்திருக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். என் பொறாமையின் வயது எனக்கே தெரியும். அது அந்தப் பச்சைத் திரையின் முன்னால் தொடங்கியது.

நாங்கள் தோணிரேவுக்குப் பக்கத்துக் குப்பம். நைனாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள், பையன் இல்லை. நான் பொன்னேரியில் கல்லூரி முடித்து, சென்னையில் கணினிப் பயிற்சி பெற்று, ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினிக் கூடத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். எங்கள் ஊரில் கோயிலுக்கும் மசூதிக்கும்தான் அப்படிச் செய்வார்கள். என் படிப்புக்கு என்ன மதிப்பு என்பதை அந்தக் குளிரூட்டிய அறைதான் எனக்குச் சொன்னது. அக்கா விலங்கியல் படித்தவள். அதே நிறுவனம் ஏரியைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்கியபோது, தண்ணீரின் உப்பு அளவை எடுக்கிற உதவியாளராகச் சேர்ந்தாள். வாரமெல்லாம் தோணியில் இருப்பாள். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் பொன்னேரி வந்து, ரயில் பிடித்து, அளவுகளைக் கணினியில் ஏற்ற என் கூடத்துக்கு வருவாள். அவளோடு ஏரியின் வாசனையும் வரும். கூட வேலை செய்கிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். "இன்னாடி, உங்க ஆளுங்க மூஞ்சி ஏன் இப்டி போவுது? போன வாரம் மடவை மீனு வாங்கினு போம்போது மட்டும் பல்ல காட்டுனாங்களே" என்று அவள் சத்தமாகவே கேட்பாள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருக்கும்.

அப்போது மின்னஞ்சல் என்பது எங்கள் கூடத்தில் சிலருக்கு மட்டும் கிடைத்த அதிசயம். படம் கிடையாது, சொடுக்க மவுஸ் கிடையாது. வந்த கடிதங்களின் பட்டியல் எண் போட்டு வரும். எண்ணை அடித்தால் கடிதம் திறக்கும். டி என்று அடித்து எண்ணைச் சேர்த்தால் அந்தக் கடிதம் அழியும். ஆனால் உடனே அழிந்துவிடாது. அழிக்க வேண்டியது என்று குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். மனம் மாறினால் யூ அடித்து மீட்டுக்கொள்ளலாம். கடைசியில் க்யூ அடித்து வெளியே வரும்போதுதான் குறித்தவை எல்லாம் ஒரேயடியாகப் போகும். அக்காவுக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன், கொஞ்சம் அலட்சியமாகவே. அவள் ஒருமுறை கேட்டாள், தலையை ஆட்டினாள். "ஓ, பெரியவரு துண்ட உதர்றாப்புல" என்றாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஏரியில் நல்ல வலை விழுகிற இடங்களைப் பாடு என்போம். எந்த வீட்டுக்கு எந்தப் பாடு, எந்த முறை என்று கோயில் முன்னால் கூடி வரிசை போடுவார்கள். கூட்டம் உட்கார்ந்திருக்கிற வரை மாற்றிக்கொள்ளலாம், விட்டுக்கொடுக்கலாம், விட்டுக்கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம். ஒரு வீடு விலகினால் அதற்குக் கீழே இருக்கிற வீடு ஒரு படி மேலே ஏறிக்கொள்ளும், அதற்கடுத்ததும் அப்படியே. ஊர்ப் பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது. கல்யாணமான ஆண் இல்லாத வீட்டுக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. நைனாவுக்கு மார்புச்சளி முற்றிக்கொண்டே போன காலம் அது. அவருக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பேர் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

என் பொறாமைக்கு வருகிறேன். அக்காவின் மின்னஞ்சல் பெட்டியில் வாராவாரம் கடிதம் இருந்தது. என் பெட்டியில் இருந்ததெல்லாம் மின்வெட்டு அறிவிப்பும் விடுமுறை அறிவிப்பும்தான். அவையும் இல்லாத நாளில், கடிதம் ஏதும் இல்லை என்று இயந்திரம் ஒரு வரியில் முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். ஒருநாள் எனக்கு நானே ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தேன். "நலமா?" என்று மட்டும் எழுதியிருந்தேன். அது வந்து சேர்ந்ததைப் பார்த்துக் கூச்சப்பட்டேன். ஆனாலும் அழிக்கவில்லை. நான் எதையும் அழித்ததில்லை. மின்வெட்டு அறிவிப்பைக்கூட வைத்திருந்தேன். இடம் அடைகிறது என்று மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டிருக்கிறார். அக்காவோ கடிதத்தைப் படிப்பாள், ஒற்றை விரலால் பதில் தட்டுவாள், உடனே டி. ஏரியைப் பற்றிய பாராட்டோ, நாலு பக்க விளக்கமோ, எதுவாக இருந்தாலும் டி. "படிச்சாச்சி, பதில் போட்டாச்சி. இன்னும் இன்னாத்துக்கு அதைக் கட்டினு அழுவறது?" என்பாள். கிடைக்காதவளுக்கு முன்னால் உட்கார்ந்து, கிடைத்ததை அவள் அப்படித் தூக்கிப் போடுவது எனக்குச் சாப்பாட்டைத் தெருவில் கொட்டுகிற மாதிரி இருக்கும்.

அந்தக் கடிதங்களை எழுதியவர் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர். இறால் குஞ்சுகள் கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருவதைப் பார்க்க ஒரு மார்கழியில் வந்திருந்தார். அக்காதான் தோணியில் கூட்டிப்போனாள். எங்கள் கூடத்துக்கு அவர் வந்தபோது நான் அவரோடு இயந்திரத்தைப் பற்றித் தப்பில்லாத ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினேன். என்னைப் பாராட்டினார். தன் நாட்டுக்குப் போய் அக்காவுக்குத்தான் எழுதினார். "மழை இல்லை. உப்பு ஏறுகிறது. இறால் கோபமாக இருக்கிறது" என்று அவள் உடைந்த ஆங்கிலத்தில் பதில் போடுவாள். அவர் அதை ரசித்து மேலும் எழுதுவார்.

அந்தச் சனிக்கிழமை அவள் பட்டியலில் நான்கு கடிதங்கள். முதலாவது அலுவலகப் பதில், இரண்டாவது மின்வெட்டு, நான்காவது விடுமுறை. மூன்றாவது பேராசிரியருடையது. "இதுல இன்னாமோ பெருசா எழுதிக்கினு கீறாரு. நீ ஒருதரம் படியேன்" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் சத்தமாகப் படித்தேன். அவருடைய பல்கலைக்கழகத்துக்கு அவள் வரலாம், இரண்டு வருடம் தங்கிப் படிக்கலாம், எல்லா ஏற்பாடும் அவரே செய்வார், சம்மதமா என்று மட்டும் இதே இயந்திரத்தில் பதில் போட்டால் போதும். படிக்கப் படிக்க என் குரல் தேய்ந்தது. அக்கா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சரி, மொதல்ல இந்தக் குப்பைய வாரிடுவோம்" என்று டி அடித்து இரண்டு போட்டாள். மின்வெட்டு போயிற்று. பிறகு டி அடித்து மூன்று போட்டாள்.

நான் கத்திவிட்டேன். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கா, அது புரபசர் கடிதம்!"

அவள் கையை எடுத்துவிட்டாள். "அவுரது எப்டிடி போவும்? ரெண்டாவது பூட்ச்சி இல்ல, எல்லாம் ஒரு படி ஏறிக்கும். அவுரு ரெண்டாவதுக்கு வந்திருப்பாரு, லீவு மூணாவதுக்கு."

"இது பாடு இல்லக்கா. வெளிய வர வரைக்கும் நம்பர் மாறாது. அவங்கவங்க எடம் அங்கங்கயேதான் இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கீழ கீறவன் மேல ஏற முடியாதா? இன்னா ஊருடி இது" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சரி, சிரிச்சது போதும், யூ போட்டு மூணுன்னு அடி, வந்துடும்" என்றேன். விரல் யூ எழுத்தின் பக்கம் போயிற்று, நின்றது. சிரிப்பு அடங்கியது. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் பார்க்க ஒன்றுமில்லை, துடிக்கிற ஒரு பச்சைப் புள்ளி மட்டும். பிறகு விரல் மெதுவாக இடது மூலைக்கு நகர்ந்து க்யூ மேல் வந்து நின்றது.

"வேணாம்க்கா. அந்த விலாசம் அதுலதான் இருக்கு" என்றேன். உண்மைதான். அந்தக் காலத்து விலாசம் பல இயந்திரங்களின் பெயர்களைக் கோத்த சங்கிலி போல இருக்கும். யாரும் மனப்பாடம் செய்வதில்லை. கடிதம் போனால் பதில் போடுகிற வழியும் போகும். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். பாசத்தில் இல்லை. எனக்கு வந்திருக்க வேண்டியது என்று நான் நம்பிய ஒன்று என் கண் முன்னால் வீணாவதைத் தாங்க முடியாமல்தான். அக்கா தோளால் என்னை லேசாகத் தள்ளினாள். "போவட்டும் வுடுடி" என்றாள். அழுத்தினாள். துண்டை உதறியாயிற்று.

பேராசிரியரின் தபால் விலாசம் அவளிடம் இருந்தது. அவள் எழுதவில்லை. அடுத்த ஆவணியில் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒருவர் அக்காவுக்கு மாப்பிள்ளையாக வந்து எங்கள் வீட்டோடு தங்கினார். நைனாவின் பேர் இருந்த இடத்தில் மாமாவின் பேர் ஏறியது. நைனா கடைசிவரை வாசலில் கட்டில் போட்டுப் படுத்து, நம்ம பாடு, நம்ம வலை என்று பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். நான் சென்னையிலேயே இருந்தேன், பிடித்தவரைக் கட்டிக்கொண்டேன். அக்கா வெளிநாடு போயிருந்தால் அந்த வீட்டோடு மாப்பிள்ளைக்கு நான்தான் கழுத்தை நீட்டியிருக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. எனக்காகத்தான் விட்டுக்கொடுத்தாள் என்று முடிவு செய்தேன். நன்றி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. கடிதமும் அவளுக்கு, தியாகி என்ற பேரும் அவளுக்கு. எனக்கு என்ன மிச்சம்?

பிறகு எனக்கு மகள் பிறந்தாள். அவளும் அக்காவிடம் போனாள். கோடை விடுமுறையெல்லாம் ஏரிக்கரையில்தான். முகம் கறுத்து, முடி செம்பட்டையாகி, "இன்னா" என்று பேசிக்கொண்டு திரும்பி வருவாள். அங்கே என்ன செய்தாய், பெரியம்மாவிடம் என்ன சொன்னாய் என்று துருவுவேன். "ஒண்ணுமில்லம்மா" என்பாள். அந்த ஒண்ணுமில்லைக்குள் ஓர் ஏரியே இருப்பது எனக்குத் தெரியும்.

போன மாதம் போன் செய்தபோது அக்காவின் குரலில் பதற்றமே இல்லை. "நம்ம பொண்ணுக்கு வவுத்துல ஆபரேசன் முட்ச்சிட்டாங்க. நல்லா கீறா, டாக்டர்கிட்ட பேசிட்டேன். நான் பொன்னேரி டேசன்ல கீறேன். நீ சென்ட்ரல் வந்துடு." நம்ம பொண்ணு என்றாள். ரயில் நிலையத்துக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. ரயிலில் அக்கா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினாள். நான் தொடவில்லை. அரக்கோணம் தாண்டியதும் என்னால் முடியவில்லை.

"அவசரத்துக்குன்னு அவ நம்பர் எழுதற எடத்துல உன்னுது ஏன்க்கா இருக்கு? எல்லாம் உனக்கேதானா? அந்தக் கடிதத்தையும் எனக்காக விட்டுக்கொடுத்துட்டு, இத்தனை வருஷமா என்னைக் கடனாளியா வச்சிருக்க."

அவள் இட்லியை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். "எந்தக் கடிதம்?"

சொன்னேன். நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்ததும் ரயில் பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். "அடிப்பாவி. அதையா இன்னும் வச்சினுகீற? உனுக்காவ ஒண்ணியும் வுடல. எனுக்கு ஏரிய வுட்டுப் போவப் புடிக்கல. உங்க மாமாவப் புடிச்சிருந்தது. அந்தாளு அப்பவே நம்ம கரையாண்ட வந்து வந்து வலைய ஒதறுவாரு, எனுக்குத் தெரியாதா. எப்டிடா இல்லைன்னு எய்துறதுன்னு பார்த்தேன், கையி தப்பா பட்டுச்சி. நல்லதாப் போச்சின்னு வுட்டுட்டேன்." பிறகு இட்லியை என் கையில் திணித்தாள். "துன்னு. பொண்ணப் பாக்க தெம்பு வேணும்."

இத்தனை வருடம் நான் சுமந்த பொறாமைக்கு அடியில், அவளுடைய தியாகம் என்று வைத்திருந்த கல்லையும் உருவிவிட்டாள்.

மகள் கட்டிலில் வெளுத்துக் கிடந்தாள். அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தயாரிப்பு தெரிந்தது, திட்டு வாங்குவதற்கு முன்னால் குழந்தைகள் செய்துகொள்கிற தயாரிப்பு. அக்கா டீ வாங்குகிறேன் என்று வெளியே போய்விட்டாள். அந்த நீக்கப்பட்ட செய்தியில் என்ன இருந்தது என்று நான் கேட்டேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"வயிறு வலிக்குதுன்னு எழுதினேம்மா. அனுப்பிட்டு அழிச்சிட்டேன்."

"ஏன்டி?"

"வெளிய சாப்பிடாதன்னு சொன்னேன் இல்லன்னு ஆரம்பிப்ப. காலேஜ்ல காமாலை வந்தது, பெங்களூர் போகாதன்னு சொன்னது, எல்லாம் வரும். உங்கிட்ட ஒண்ணு சொன்னா நீ அதை வச்சுக்கறம்மா. எப்பவும் வச்சுக்கற. பெரியம்மாகிட்ட சொன்னா கேட்டுட்டு ஏதாவது செய்வாங்க, அதோட போயிடும். அடுத்த தடவை நான் புதுசா போய் நிக்கலாம்."

வெளிய சாப்பிடாதன்னு நான் சொன்னது உண்மைதானே என்று வாய் வரை வந்தது. அவள் கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை அக்காவிடம் என்ன இருக்கிறது என்றுதான் பொறாமைப்பட்டு வந்திருக்கிறேன். அவளிடம் ஒன்றுமே சேர்ந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதைவிடப் பொறாமைப்பட ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று மத்தியானம் மகள் போன் செய்தாள். காயம் ஆறிவிட்டது, தையல் பிரித்தாயிற்று என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். இன்னும் யாருக்கும் சொல்லல. பெரியம்மாவுக்கும் சொல்லல. நீயும் சொல்லாத." வாடகை, வயது, அடுத்த வேலை, நான் அன்றைக்கே சொன்னது என்று எல்லாம் வரிசையாக எண் போட்டு எழுந்து நின்றன. "சரிம்மா. சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாளோ என்னவோ. பிறகு அவளாகவே எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் நான் பேசவில்லை.

போனை வைத்ததும் என் விரல் தானாக அக்காவின் எண்ணைத் தேடி அழுத்திவிட்டது. வேலை விஷயத்தைச் சொல்வதற்காக அல்ல. என்னிடம்தான் முதலில் சொன்னாள், உன்னிடம் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அங்கே மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. அவள் கரையில் வலையைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுக்க வருவது என் மனக்கண்ணில் தெரிந்தது. அழைப்பைத் துண்டிக்கிற சிவப்புப் பொத்தானின் மேல் என் விரல் நின்றது. வெடிக்காத, சுத்தமான நகம். ஓரத்தில் சேறு கிடையாது. ஒரு கணம் அது யாருடைய விரல் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. போவட்டும் வுடுடி என்று எனக்கு நானே சொல்லி, அவள் எடுப்பதற்குள் அழுத்தினேன்.